பதினேழாவது கழுத்து

என் மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கூடத்தில் நின்று பிரெஞ்சுத் துரை முசேயின் கடிதத்தைப் பிரெஞ்சில் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னாயே, அப்போது நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன். தடவினேன், தடவினேன், வெற்றிலை கிழிகிற வரைக்கும் தடவினேன். நீ கவனிக்கவில்லை. "உனக்கு என் ஆய்வுக்கூடத்தில் இடம் கொடுப்பதற்கு முதல் காரணம் உன் தகப்பனார். வில்லியனூரில் அவர் எனக்குச் செய்து கொடுத்த கண்ணாடிக் கழுத்துகளில் சோதனை தாண்டிய ஒன்றுகூட என்னைக் கைவிட்டதில்லை. அந்த விபத்து ஓர் அவசரக் கையால் வந்தது. தகப்பனாரிடமிருந்து பொறுமையைக் கற்றுக்கொள், மாமனின் கதையிலிருந்து எச்சரிக்கையைக் கற்றுக்கொள்" என்று அவர் எழுதியிருந்தார். அதைச் சொல்லும்போது உன் குரலில் பெருமை இருந்தது. அடுப்படியில் உன் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது எனக்குக் கேட்டது. அவள் தம்பி செத்து அன்றைக்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை. கடல் தாண்டி வந்த கடிதத்திலும் அவனுக்குக் கிடைத்த பெயர் அவசரக்காரன்தான்.

மறுநாள் காலை நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்கு ரயிலேறிவிட்டாய். சனிக்கிழமை கப்பல். யுத்தம் முடிந்து மறுபடியும் கப்பல் ஓடுகிறதே என்று ஊரெல்லாம் சந்தோஷப்படுகிறது. எனக்கு மட்டும் அது இன்னும் ஒரு வாரம் கழித்து வரக்கூடாதா என்று இருக்கிறது. நீ ஏறுவதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாத ஆள் உன் அப்பன். அதனால் எழுதுகிறேன். சுற்றி வளைத்துத்தான் எழுத வரும், பொறுத்துக்கொள். ஆனால் நடுவில் நீ தூக்கி எறிந்துவிட்டால் விஷயம் தெரியாமல் போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மாமன் வேலாயுதத்தின் இரண்டு கண்ணும் போனது அவன் அவசரத்தால் இல்லை. என்னால். பதினாலு வருஷமாக எனக்கு இது தெரியும்.

முசே வந்த வருஷம் உனக்கு எட்டு வயது. அவர் ஏன் வில்லியனூரைத் தேடி வந்தார் என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். வேலு எனக்குச் சொன்னதை வைத்துத்தான் எனக்கும் தெரியும். வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ கதிர் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறதாம். பூமியின் காந்த நடுக்கோடு தெற்கே ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில் அதை அளந்து பார்க்க வேண்டுமாம். காரைக்காலுக்குப் போய்ப் பார்த்தார், உப்புக் காற்று பித்தளையைத் தின்கிறது என்று வேண்டாம் என்றார். புதுச்சேரியில் மின்சாரக் கம்பிகள் பக்கத்தில் கருவி உளறுகிறது என்றார். கடைசியில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் சும்மா கிடந்த பழைய அவுரிக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். ஒரு எண்ணெய் இன்ஜினும், காற்றை அமுக்கி அமுக்கித் தண்ணீராக்குகிற ஒரு இயந்திரமும் ரயிலில் வந்து இறங்கின. நாள் முழுக்க அது அலறினால் சாயங்காலத்துக்குள் இரண்டு செம்பு தேறும். இளநீல நிறத்தில், புகைந்துகொண்டே இருக்கும். அதில் வேலு ஒரு வெற்றிலையை முக்கி எடுத்துக் காட்டினான். அப்பளம் மாதிரி நொறுங்கியது. சிரித்துக்கொண்டே இன்னொரு வெற்றிலை கேட்டான்.

அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நம் வீட்டில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் முழுசாகப் படித்தவன் அவன் ஒருத்தன்தான். முசேக்குத் தமிழில் தெரிந்தது "மெதுவா", "போதும்" என்ற இரண்டே சொல். மற்றதெல்லாம் வேலுவின் வாய் வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். இன்ஜினையும் அவன்தான் ஓட்டினான், குளிர்க் குடுவைகளையும் அவன்தான் கையாண்டான். என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவன்தான். முசேக்குக் கண்ணாடி வேலைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடியபோது, "எங்க மாமா நகை செய்யற பத்தரு. ஊதுகுழல வாயில வச்சா மூச்சு வுடாம ஒரு நாழிகை ஊதுவாரு. அவரால ஆவாதது இல்ல" என்று சொல்லிவிட்டு வந்து, அதை அப்படியே என்னிடமும் சொன்னான். எனக்கு மார்பு விரிந்துபோயிற்று. அதில்தான் கெட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

வேலை இன்னதென்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே போய் நீயும் அதைத்தான் செய்யப்போகிறாய். தேங்காய் அளவில் ஒரு கண்ணாடிக் கூடு. உள்ளே மென்மையான கருவி. கூட்டிலிருந்து காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, அதை அந்தக் குளிர்த் தண்ணீரில் முழுசாக மூழ்கவைக்க வேண்டும். கருவியிலிருந்து கம்பி வெளியே வர வேண்டும், ஆனால் வெளியிலிருந்து ஊசிமுனைக் காற்றும் உள்ளே போகக்கூடாது. கம்பி கண்ணாடியைத் தாண்டுகிற அந்த இடத்துக்கு முசே ஏதோ பெயர் சொல்வார். நாங்கள் கழுத்து என்போம். பிளாட்டினக் கம்பியைச் சுற்றிக் கண்ணாடியை உருக்கி, அது தானாகவே கம்பியைக் கவ்வுகிற மாதிரி ஊத வேண்டும். கொஞ்சம் சூடு கூடினால் வழியும், குறைந்தால் கவ்வாது. பிறகு சட்டென்று ஆறவிட்டால் விரியும். முசே அதற்கு ஒரு அடுப்பு வரைந்து காட்டினார். நான் உமியைக் கனியவைத்து அதற்குள் புதைத்துவிட்டு மறுநாள் எடுத்தேன். முசே லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊரில் நான்கு பேர் பார்த்தார்கள். வீட்டுக்கு வரும்போது நேர்வழியை விட்டுத் தேர்வீதியைச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

செய்வது பாதிதான், சோதிப்பது மீதி. ஒவ்வொரு கழுத்தையும் குளிரில் மெதுவாக இறக்கி, ஏற்றி, அறைச் சூட்டுக்கு வரவிட்டு, மறுபடி இறக்க வேண்டும். இப்படிப் பத்து முறை. பிறகு பம்பில் மாட்டி, பாதரசம் ஏறாமல் நிற்கிறதா என்று மூன்று மணி நேரம் பார்க்க வேண்டும். ஒரு நோட்டில் கழுத்தின் நம்பரைப் போட்டு, தாங்கின ஒவ்வொரு முக்கலுக்கும் ஒரு கோடு கிழிக்க வேண்டும். பத்துக் கோடு இல்லாத கழுத்தை முசே தொடமாட்டார். கோடு கிழிக்கிற பேனா என் கையில் இருந்தது.

பதின்மூன்றாம் நம்பர் வரைக்கும் செய்தவை எல்லாம் இரண்டு கம்பி, மூன்று கம்பிக் கழுத்துகள். பல உடைந்தன, சில நின்றன, முசே குறை சொல்லவில்லை. அவர் நாடு திரும்புவதற்கு முன் செய்ய வேண்டிய பெரிய சோதனைக்கு ஆறு கம்பி போன கழுத்து வேண்டும் என்றார். பதினாலு, பதினைந்து, பதினாறு மூன்றும் குளிரில் வைத்தவுடன் டிக் என்று சத்தம் போட்டுப் போயின. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அன்று முசே வேலுவிடம் நீளமாக எதையோ பேசினார். வேலு என்னிடம் சொல்லத் தயங்கினான். வற்புறுத்தினேன். "ஒண்ணுமில்ல மாமா. அடுத்ததும் ஒடஞ்சா பாரீஸ்லேருந்து கண்ணாடி ஊதறவன வரவழைச்சிக்கலாம்னு சொல்றாரு. ஒன் கைய கொற சொல்லல" என்றான். குறை சொல்லவில்லை என்று அவன் சொன்னதுதான் எனக்குச் சுட்டது. அன்று சோறு இறங்கவில்லை. உன் அம்மா என்ன என்று கேட்டதற்கு அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

பதினேழாவதை என் ஆயுசில் எந்தத் தாலிக்கும் காட்டாத கவனத்தோடு ஊதினேன். உமியில் ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் வைத்தேன். முதல் முக்கல் தாங்கியது. இரண்டாவது தாங்கியது. இரண்டு கோடு கிழித்தேன். மூன்றாவது முறை ஏற்றியதும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாலாவது கம்பியின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். சத்தம்கூடப் போடாமல் வந்திருந்தது. கொட்டகையில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன். வேலு வெளியே இன்ஜினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். முசே குளிக்கப் போயிருந்தார். மிச்சமிருந்த குளிர்த் தண்ணீர் அன்றைய சோதனைக்கே சரியாக இருக்கும், இன்னும் ஏழு முறை முக்கிப் பார்க்கப் போதாது.

நம் தொழிலில் உள்ளே கூடாக இருக்கிற நகைக்கு அரக்கு அடைப்போம். கம்மல், குண்டு, தாலி உரு எல்லாவற்றிலும் உண்டு. நகை நசுங்காமல் இருக்க அடைப்பது, அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. தகட்டில் சின்ன விரிசல் இருந்தாலும் உருகின அரக்கு அதில் ஓடி மூடிக்கொள்ளும். என் அப்பனும் செய்தார், நானும் செய்தேன். அன்று என் கை என்னைக் கேட்காமலேயே மடியிலிருந்த அரக்குத் துண்டை எடுத்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அது பொய். கேட்டுத்தான் எடுத்தது. விளக்கில் இளக்கி, விரிசலில் ஓடவிட்டு, மேலே வழித்துத் துடைத்தேன். பம்பில் மாட்டினேன். பாதரசம் மூன்று மணி நேரம் அசையவில்லை. நோட்டை எடுத்து இரண்டு கோட்டுக்குப் பக்கத்தில் எட்டுக் கோடு கிழித்தேன். அரக்கு குளிரில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். போன மாதம்தான் முசே ஒரு ரப்பர்க் குழாயை முக்கிச் சுத்தியால் தட்டித் தூளாக்கிக் காட்டியிருந்தார். ரப்பருக்கு ஆனது அரக்குக்கு ஆகாது என்று நினைக்கிற அளவுக்கு நான் மூடன் இல்லை.

பம்பில் மாட்டின கொஞ்ச நேரத்திலேயே வேலு உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினான். "இன்னா மாமா, அரக்கு வாசன அடிக்குது?" என்றான். "ஒரு கம்மல் வேல வந்துச்சிடா, நடுவுல முடிச்சிட்டேன்" என்றேன். "கொட்டாயிலயே கடை போட்டுட்டியா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

பிற்பகலில் சோதனை நடந்தது. கூட்டைக் குளிரில் இறக்கி ஒரு மணி நேரம் முசே முள்ளைப் பார்த்துப் பார்த்து எழுதினார். நடுவில் முள் ஆடியது, முகம் சுளித்தார். போதும் என்று கை காட்டிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு கொட்டகையின் அந்தக் கோடிக்குப் போனார். கூட்டை வெளியே எடுக்க வேண்டியது வேலு. அதற்கு ஒரு முறை உண்டு. மரத் தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு கயிற்றை நாலு விரல் இழுக்க வேண்டும், நூறு எண்ண வேண்டும், மறுபடி நாலு விரல். வேலு பிரெஞ்சில் எண்ணுவான். நான் வாசல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு விரல்கூட அதிகம் இழுக்கவில்லை. ஒரு எண்ணைக்கூட விழுங்கவில்லை. இதை நான் என் கண்ணால் பார்த்தேன், இந்த ஊரில் இதைப் பார்த்த ஆள் நான் ஒருத்தன்தான்.

கூடு முழுசாக மேலே வந்ததும் அவன் எண்ணுவதை நிறுத்தினான். தட்டிக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டி, "மாமா, உள்ள தண்ணி ஆடுது பாரேன்" என்றான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அரக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. வெற்றிடத்துக்குள் குளிர்த் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வெளியே சூட்டுக்கு வந்ததும் அது காற்றாகிப் பல நூறு மடங்கு பொங்கும், வந்த மயிரிழை வழியாகத் திரும்பிப் போக இடம் போதாது. முசே இதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். "விலகு" என்ற ஒரு சொல் போதும். இரண்டு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. என் வாய் திறந்தது. கத்தினால் ஏன் கத்தினாய் என்று கேட்பார்களே என்ற நினைப்பு அந்த இரண்டு மூச்சுக்குள்ளேயும் வந்தது, மகனே. திறந்த வாயை மூடிக்கொண்டேன், கூடு அவன் முகத்துக்கு நேரே வெடித்தது.

சத்தம் ஆற்றங்கரை வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். கூண்டு வண்டியில் படுக்கவைத்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவன் தலை என் மடியில்தான் இருந்தது. "மெதுவாத்தான் தூக்கினேன் மாமா. நீ பாத்தியே. முசே கைல சொல்லு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சொல்கிறேன் என்றேன். மூன்றாம் நாள் முசே விசாரித்தபோது, வேலுவின் இடத்தில் பட்டணத்திலிருந்து வந்த ஒரு கிளார்க் மொழிபெயர்த்தார். முசே நோட்டைத் திறந்து பத்துக் கோட்டையும் விரலால் தொட்டு எண்ணினார். கழுத்தில் குற்றம் இருக்க வழியில்லை, அப்படியானால் பையன் வேகமாக இழுத்தானா என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். "கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்" என்றேன். கிளார்க் அதைப் பிரெஞ்சில் சொன்னார். முசே அழுதார். நல்ல மனிதர். வேலுவைக் கடைசி வரைக்கும் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றைக்கும் நான் சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறார்.

முதல் மூன்று வருஷம் வேலு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். யார் வந்தாலும், "நான் மெதுவாத்தான் தூக்கினேன்" என்பான். பாவம், கண்ணும் போய்ப் புத்தியும் கொஞ்சம் தடுமாறிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உன் அம்மா, "சரிடா, வுடுடா, நடந்தது நடந்துபோச்சி" என்று சமாதானம் சொல்வாள். அவளும் நம்பவில்லை. ஒருநாள் ஒரு அம்மாள் கம்மலைக் கொண்டுவந்து, இதில் விரிசல் இருக்கிறதே, மாற்றிச் செய்ய வேண்டுமா என்று கேட்டாள். "எதுக்கும்மா. அரக்கு ஓடவுட்டா அடைச்சிக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது" என்றேன். வாய் தவறி வந்ததுதான், அன்றாடம் சொல்கிற பேச்சு. அரக்கு இளகிக்கொண்டிருந்தது. வேலு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அந்த அம்மாள் போனதும் என் பக்கம் முகத்தைத் திருப்பினான். "மாமா, அன்னிக்குக் கொட்டாயில செஞ்சியே ஒரு கம்மலு, அது யாருது?" என்று கேட்டான்.

உமி அடுப்பைக் கிளறினேன். அவன் காத்திருந்தான். கண் இல்லாதவன் காத்திருப்பது வேறு மாதிரி இருக்கும், முகம் முழுக்கக் காதாக இருக்கும். அடுத்த அறையில் உன் அம்மா உனக்குத் தலை வாரிக்கொண்டே ஏதோ சொல்ல, நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அவன் அந்தப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு, "சரி, வுடு" என்றான். அதோடு முடிந்தது. அன்றிலிருந்து அவன் மெதுவாகத் தூக்கினேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. நீ பன்னிரண்டு வயதில், "மாமா, நீ ஏன் அவ்ளோ அவசரப்பட்ட?" என்று கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "வயசுடா அது. அவசரந்தான்" என்று உன் தலையைத் தடவினான். நீ இன்று பேசுகிற பிரெஞ்சு பாதிக்கு மேல் அவன் வாயிலிருந்து வந்தது. பதினொரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, அவனுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். அவன் என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்துப் பேசவில்லை. சுளித்திருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கடைசிக் காய்ச்சலில் நான் கஞ்சி ஊட்டினேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். "சூடா இருக்குது மாமா, ஆறட்டும்" என்றான். ஆறுகிற வரைக்கும் காத்திருந்தேன், சொல்லவில்லை.

நீ போகிற இடத்தில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பாய். நியாயம்தான். ஆனாலும் அப்பன் என்று ஒருத்தன் இருந்தால் நாலு வார்த்தை சொல்லாமல் இருக்கமாட்டான். உன் கையாலே செய்த பொருளில் விரிசல் கண்டால், யாராவது வருவதற்கு முன் ரகசியமாக அல்ல, நாலு பேர் பார்க்க அதை உடைத்துப் போடு. உடைந்துபோனதற்காக யாரும் யாரையும் கொன்றதில்லை. உன் கண் பார்க்காத சோதனைக்குக் கோடு கிழிக்காதே. உன்னைவிட நன்றாக ஊதுகிறவன் ஒருத்தன் வரப்போகிறான் என்றால் அவனுக்கு நாற்காலி எடுத்துப் போடு. பாரீஸ்காரன் வந்திருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? ஒரு வாரம் ஊர் பேசியிருக்கும். வேலு இன்று முப்பத்தாறு வயதில் குடும்பத்தோடு இருந்திருப்பான், உன்னை வழியனுப்பத் துறைமுகத்துக்கு வந்திருப்பான், உன்னைவிட அதிகமாக அவன்தான் பேசியிருப்பான்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை நீ பிரெஞ்சில் எழுதி முசேயிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் உன் வேலை போகலாம். என் கழுத்துகளை நம்பித்தான் உனக்கு இடம் தந்திருக்கிறார். கடல் தாண்டிப் போன பிறகு வேலை இல்லை என்றால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. கொடுக்காவிட்டால் உன்னைக் குறை சொல்லமாட்டேன் என்று எழுத வந்தேன். அதுவும் பொய்யாகிவிடும், எழுதவில்லை. கொடு. எந்த இடத்திலும் எனக்காக ஒரு சொல்லைக்கூட மெழுகாதே. பத்துக் கோட்டில் எட்டு பொய் என்று அப்படியே எழுது. வேலாயுதம் முறைப்படிதான் தூக்கினான், பார்த்தவன் நான் என்று எழுது.

செவ்வாய்க்கிழமை உன் அம்மாவிடம் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல முறத்தை நிறுத்தவில்லை, கடைசியில்தான் கீழே வைத்தாள். "அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கம்மல் சமாசாரத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எனக்கோசரம்தான் வாய மூடிக்கினு இருந்துட்டான்" என்றாள். பிறகு, "அவன் உசுரோட இருக்கசொல்ல சொல்லியிருக்கக் கூடாதா நீ" என்றாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. வேளைக்குச் சோறு வருகிறது. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

நாளைக் காலை ரயிலில் இந்தக் கடிதத்தை அவள்தான் கொண்டுவருகிறாள். உன்னைக் கப்பலேற்றிவிட்டுத்தான் திரும்புவாள். என்னை வா என்று அவள் கூப்பிடவில்லை. வருகிறேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அங்கே குளிர் அதிகம், மார்பைத் திறந்துபோட்டுக்கொண்டு அலையாதே. அவளுக்குக் கடிதம் போடு. எனக்குப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

இதுவரைக்கும் எழுதி மடித்துவிட்டேன். உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். வந்து எதிரில் உட்கார்ந்து, "படி" என்றாள். இரண்டு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. முழுசும் படித்தேன். ஓரிடத்திலும் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "பாகூர்க்காரரு வந்தத எழுதல" என்றாள். அவளுக்கு அது ஞாபகம் இருக்காது என்று நினைத்திருந்தேன். எழுதுகிறேன்.

விபத்துக்கு இரண்டு மாதம் முன்புதான் வேலுவுக்குப் பாகூரில் நம்மவர் வீட்டில் பெண் பேசி, பாக்கு வெற்றிலை மாற்றியிருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம் பெண்ணின் தகப்பனார் தனியாக வந்தார். உன் அம்மா மோர் கொடுத்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். "பத்தரே, மனசுல ஒண்ணு வச்சிக்காம சொல்லணும். கண்ணு போனதுக்கோசரம் நான் வாக்கு மாறமாட்டேன். எம்பொண்ணும் சரின்னுதான் சொல்லுது. ஆனா பையன் கவனமில்லாதவன், அவசரக்காரன்னு ஊர்ல பேசிக்கறாங்க. அப்பிடிப்பட்டவன் கைல பொண்ணக் குடுக்க எனக்கு பயமா இருக்குது. அவன் மேல தப்பு இல்லன்னு நீ ஒரு வார்த்த சொல்லு, தையிலயே முடிச்சிடலாம்" என்றார். உள் அறையில் வேலு கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தான். கதவு திறந்துதான் இருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றால், பிறகு யார் மேல் தப்பு என்று கேட்பார். "அவசரக்காரன்தான்" என்றேன். அவர் மோரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனார்.

இதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். சரி, இப்போது கடிதத்தை மடி என்கிறாள்.

உன் அப்பா